பூட்டில்லாத கத்தி

மகளுக்கு ஒரு கத்தி வாங்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது. இந்த வீட்டை வாங்கியபோதுகூட இவ்வளவு யோசித்ததாக நினைவில்லை.

அவளுக்குப் பத்து வயது. இங்கே சாரணர் இயக்கத்தின் சிறுவர் பிரிவில் இருக்கிறாள். குச்சியையும் மரத்துண்டையும் சீவிச் சீவிச் சின்ன உருவங்கள் செய்வதற்கு ‘விட்லிங்’ என்று பெயர். அதற்கு முறையாகப் பாடம் நடத்துகிறார்கள். பாடம் முடிந்ததும் ‘விட்லிங் சிப்’ என்ற ஓர் அட்டை கிடைக்கும். கத்தி வைத்துக்கொள்வதற்கான உரிமைச் சீட்டு அது. கத்தியைத் தவறாகக் கையாண்டால் அட்டையின் ஒரு மூலையைக் கத்தரித்துவிடுவது வழக்கம். நான்கு மூலையும் போனால் உரிமையும் போயிற்று. சீவ உட்காருமுன் மூடிய கத்தியைக் கையில் பிடித்து, கையை நன்றாக நீட்டி, தன்னைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுப் பார்க்க வேண்டும். அந்த வட்டத்துக்குள் யாரும் இருக்கக் கூடாது. இப்போது அதைப் பாதுகாப்பு வட்டம் என்கிறார்கள். பழைய ஆட்கள் ‘ரத்த வட்டம்’ என்பார்கள். என் மகளுக்குப் பழைய பெயர்தான் பிடித்திருக்கிறது.

அட்டை வந்த அன்று மாலை அதை என் லேப்டாப்பின் மேல் வைத்து, “அப்பா, இனிமே எனக்கு நீங்க கத்தி வாங்கித் தரலாம்” என்றாள். கேட்கவில்லை. அறிவித்தாள்.

என் தொழில், நிறுவனங்களுக்கு எந்த மென்பொருள் பொருந்தும் என்று தேர்ந்தெடுத்துக் கொடுப்பது. இருபது வருடமாக அதைத்தான் செய்கிறேன். தேவைகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எடை போட்டு, மதிப்பெண் கூட்டி, கடைசியில் ஒரு பெயரைச் சொல்வேன். கத்திக்கும் அதையே செய்தேன். மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, “பத்து வயசுப் பொண்ணுக்குக் கத்தி வேணுமான்னு ஒரு வரி அதுல இல்லையே” என்றாள். உண்மைதான். அந்த வரி இல்லை.

சட்டைப்பையில் அடங்கும் மடக்குக் கத்திகளின் உலகம் நான் நினைத்ததைவிடப் பெரியது. தமிழில் நமக்கு அது பேனாக்கத்தி. என் யாழ்ப்பாணத்து நண்பர் வில்லுக்கத்தி என்பார். இரண்டு பெயரிலும் விஷயம் இருக்கிறது. இறகுப் பேனாவின் முனையைச் சீவ வைத்திருந்த சின்ன அலகால் வந்தது பேனாக்கத்தி. அலகை நிமிர்த்தினால் நிமிர்ந்தபடியும், மடக்கினால் மடங்கியபடியும் பிடித்து வைப்பது கைப்பிடியின் முதுகில் உள்ள எஃகு வில். அதனால் வில்லுக்கத்தி. ஆங்கிலத்தில் சீவுவதைக் குறிக்கும் சொல்லே ஒரு பழைய கத்தியின் பெயரிலிருந்து வந்ததுதான். சாசரின் கதையொன்றில் வரும் மாவு ஆலைக்காரன், ஷெஃபீல்டில் செய்த ‘த்விட்டல்’ ஒன்றைக் காலுறையில் செருகி வைத்திருப்பான்.

அமெரிக்கக் கத்திகளில் மரம் சீவுவதற்கென்றே ‘விட்லர்’ என்றொரு வகை உண்டு. மூன்று அலகு, இரண்டு வில். ஒரு முனையில் தடித்த பெரிய அலகு இரண்டு வில்லின் மேலும் சேர்ந்து அழுந்தும். மறுமுனையில் உள்ள இரண்டு சிறிய அலகுகளுக்கு ஆளுக்கொரு வில். பொறியியல் படித்தவன் கண்ணுக்கு அழகான ஏற்பாடு. ஆனால் கைகள் அதிகம் தேடிப்போனது ‘ஸ்டாக்மேன்’ என்ற இன்னொரு வகையை. மாடு வளர்ப்பவனுக்காக உருவானது. அதிலும் மூன்று அலகு. நீண்டு கூர்த்த ஒன்று, ஆட்டுக் குளம்பைச் செதுக்குவதற்கான நேர்விளிம்பு அலகு ஒன்று, கன்றுக்குக் காயடிப்பதற்கான மொண்ணை முனை அலகு ஒன்று. மரம் சீவுகிறவர்களுக்கு அந்தக் குளம்பு அலகுதான் செல்லம். விளிம்பு நேராக இருப்பதால் மரத்தில் எங்கே வெட்டுகிறோம் என்பது தெளிவாகத் தெரியும்.

எஃகு விஷயத்தில் மணிக்கணக்காகப் படித்தேன். சுருக்கமாகச் சொன்னால், 1095 என்ற எண்ணுள்ள கார்பன் எஃகு நன்றாகக் கூர் ஏறும், எளிதில் துருப்பிடிக்கும். ஓர் எலுமிச்சம்பழத்தை நறுக்கிவிட்டுத் துடைக்க மறந்தால் கறுத்துப்போகும். துருப்பிடிக்காத எஃகு மன்னிக்கும் குணம் கொண்டது. தொடக்கக்காரருக்கு இரண்டில் எதுவும் போதும். நான் பார்த்த சண்டைகளில் பாதி, கத்தியைப் பயன்படுத்தாதவர்கள் போட்டுக்கொள்ளும் சண்டை.

இதில் நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மரம் செதுக்கத் தெரிந்த யாரைக் கேட்டாலும் மடக்காத கத்திதான் நல்லது என்பார்கள். ஸ்வீடன் நாட்டு மோரா 120 என்ற கத்தி இருக்கிறது. ஆறு சென்டிமீட்டர் அலகு, உருண்ட மரக் கைப்பிடி, விலையும் குறைவு. மடங்காதது என்பதால் விரல்மேல் மடங்கி விழவும் வழியில்லை. மடக்குக் கத்தியில் மூடியிருக்கும் மற்ற அலகுகளின் முனைகள் உள்ளங்கையை உறுத்தும். இதில் அந்தத் தொல்லையும் கிடையாது. என் அட்டவணை மோராவைத்தான் தேர்ந்தெடுத்தது. வாடிக்கையாளராக இருந்தால் மோராவை வாங்குங்கள் என்று சொல்லிக் கட்டணமும் வாங்கியிருப்பேன்.

ஆனால் அவள் கேட்டது பையில் போட்டுக்கொள்ளும் கத்தி. மோரா வேலைக்கான கருவி. வேலை இருக்கும்போது பெட்டியிலிருந்து வெளியே வரும், வேலை முடிந்ததும் உள்ளே போகும். பையில் இருக்கும் கத்தி கூடவே வரும். கூடவே வருகிற ஒரு பொருளைப் பொறுப்பாக வைத்துக்கொள்ளப் பழகுவது வேறொரு பாடம். அவளுக்கு எந்தப் பாடம் வேண்டும் என்பதை என் அட்டவணை கேட்கவில்லை.

நான் வசிப்பது பென்சில்வேனியாவின் மேற்குப் பகுதியில். இங்கிருந்து வடக்கே போனால் கத்தி செய்கிற ஊர்கள் வரும். 1889இல் தொடங்கிய கேஸ் நிறுவனம் பிராட்ஃபோர்டில் இன்றும் நடக்கிறது. 1859இல் எண்ணெய்க் கிணறு தோண்டிப் புகழ்பெற்ற டைட்டஸ்வில்லில் 2006இல்கூட இருவர் துணிந்து புதிதாக ஒரு கத்தித் தொழிற்சாலை தொடங்கினார்கள். அதே ஊரின் பழைய குவீன் நிறுவனம் 2018இல் மூடப்பட்டது. நியூயார்க் மாநிலத்தில் ஷ்ரேட் 2004இலும் கமில்லஸ் 2007இலும் போய்விட்டன. பழைய பெயர்கள் மட்டும் விற்கப்பட்டு வேறு நாட்டில் செய்த கத்திகளின் மேல் ஏறியிருக்கின்றன. அந்தப் பக்கம் ஒரு சிற்றூரின் பழம்பொருள் கடையில், கண்ணாடிப் பெட்டிக்குள் பதினைந்து இருபது கத்திகளுக்கு நடுவே, நான் வாங்கிய ஸ்டாக்மேன் கிடந்தது.

கடைக்காரர் எண்பதை நெருங்கியவர். நல்ல கத்தியைப் பார்க்கும் விதத்தை அவர்தான் காட்டினார். கத்தியைத் திறந்து முதுகை வெளிச்சத்துக்கு எதிரே பிடி. வில்லுக்கும் பக்கத்துப் பித்தளைத் தகட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரியக் கூடாது. அலகை இடமும் வலமும் ஆட்டிப் பார். ஆடினால் வேண்டாம். மெல்ல மூடு. கடைசி அரை அங்குலத்தில் வில் தானே இழுத்து ‘டக்’ என்று சாத்த வேண்டும். அந்தச் சத்தம் சோம்பலாக இருந்தால் வில் களைத்துவிட்டது. நகக்குழியில் கட்டைவிரல் நகத்தை வைத்துத் திற. நகம் உடைகிற அளவுக்கு இறுக்கமாக இருந்தால் குழந்தைக்கு ஆகாது. பெரிய அலகு தீட்டித் தீட்டிக் கொஞ்சம் ஒல்லியாகியிருந்தது. குறையோ என்று கேட்டேன். “இல்லை, யாரோ வேலை செய்திருக்கிறார்கள்” என்றார். நாற்பத்தைந்து டாலர்.

வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது. அதில் பூட்டு இல்லை.

இன்றைய மடக்குக் கத்திகளில் பெரும்பாலானவற்றில் அலகு நிமிர்ந்ததும் பூட்டிக்கொள்ளும். விடுவித்தால்தான் மடங்கும். பழைய மாதிரிகளில் வில்லின் அழுத்தம் மட்டுமே. அலகின் முதுகுப் பக்கம் அழுத்தினால், கொஞ்சம் எதிர்த்துவிட்டு மடங்கிவிடும். மடங்கும் வழியில் இருப்பது பிடித்திருப்பவர் விரல். ஃபிரான்ஸின் ஓப்பினெல் கத்தி 1890இல் வந்தது, அதன் பூட்டு வளையம் 1955இல்தான் வந்தது. அமெரிக்காவில் பூட்டுக் கத்தியைப் பரவலாக்கிய பக் 110 வந்தது 1964இல். சுவிஸ் படைவீரர்களுக்கு 1891 முதல் கொடுத்துவந்த கத்தியில் 2008ஆம் ஆண்டு மாதிரிக்கு முன் பூட்டு கிடையாது. அத்தனை பேரும் ஒவ்வொரு நாளும் விரலை இழந்துகொண்டா இருந்தார்கள்? இல்லை. அலகு எந்தப் பக்கம் மடங்கும் என்பது கைக்குத் தெரிந்திருந்தது.

இந்தக் கத்தியைக் கொடுப்பதா, திருப்பிக் கொடுத்துவிட்டுப் பூட்டுள்ளதை வாங்குவதா? பாதுகாப்பு கருவியில் இருக்க வேண்டுமா, கையில் இருக்க வேண்டுமா?

என் தொழிலில் இதற்குப் பதில் தயாராக இருக்கிறது. கருவியில்தான். பயனர் தவறு செய்யவே முடியாதபடி திரையை அமை என்பதுதான் எங்களுக்குச் சொல்லித்தரப்பட்டது. ஜப்பானின் ஷிகியோ ஷிங்கோ, தொழிற்சாலையில் தவறு நடக்காமல் தடுக்கும் சின்னச் சின்ன ஏற்பாடுகளுக்கு முதலில் வைத்த பெயரின் பொருள் ‘முட்டாள் தடுப்பு’. முட்டாளா நான் என்று தொழிலாளி ஒருவர் மனம் நொந்துபோனதைப் பார்த்து ‘தவறு தடுப்பு’ என்று மாற்றினாராம். ‘போக்கா யோக்கே’ என்று இன்று உலகமெல்லாம் சொல்வது அந்த மாற்றிய பெயரை. பெயரை மாற்றினார், ஏற்பாடு அதேதான். மனிதரை மதித்துக்கொண்டே தவறைத் தடுக்கலாம் என்று அதைப் புரிந்துகொள்கிறேன். ஆனால் நாங்கள் எழுதும் மென்பொருளில் ‘நிச்சயமாக அழிக்கவா?’ என்று ஒரு கட்டம் வருமே, அதை இதுவரை யாராவது படித்துப் பார்த்திருக்கிறார்களா? கை தானாக ‘ஆம்’ அழுத்தும். காவலைக் கூட்டக் கூட்டக் கவனம் குறைகிறது.

1975இல் சாம் பெல்ட்ஸ்மேன் என்ற பொருளியலாளர் கார்களைப் பற்றி இதையே வாதிட்டார். பாதுகாப்பு விதிகள் வந்ததும் ஓட்டுநர்கள் துணிச்சலாக ஓட்டத் தொடங்கினார்கள், உள்ளே இருப்பவருக்குக் கிடைத்த லாபம் தெருவில் நடப்பவருக்கு நஷ்டமாயிற்று என்றார். பின்னால் வந்தவர்கள் அவர் கணக்கைக் கடுமையாகக் கேள்வி கேட்டார்கள். பெல்ட் போடாமல் நானும் காரை எடுப்பதில்லை. ஆனாலும் அவர் கேட்ட கேள்வியின் ஒரு பாதி என்னை விடவில்லை. பாதுகாப்பு யாருக்கு?

பிரிட்டனில் இருப்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும். அங்கே 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்று அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக் கத்தியைக் காரணம் சொல்லாமல் பையில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் பூட்டிக்கொள்ளும் கத்திக்கு அந்த விலக்கு இல்லை என்று 1993இல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிடித்திருப்பவரின் விரலைக் காப்பாற்றும் அதே பூட்டு, குத்துவதற்கும் கத்தியைத் தோதாக்குகிறது. எனக்குப் பாதுகாப்பானது எதிரே இருப்பவருக்கு ஆபத்தானது என்று அந்தச் சட்டம் பார்க்கிறது.

இதைப் படித்தபின் ஸ்டாக்மேனை மறுபடி எடுத்துப் பார்த்தேன். காயடிக்கும் அலகின் முனை ஏன் மொண்ணை? கன்றின் உடம்பில் வேறெங்கும் தவறிக் குத்திவிடக் கூடாது என்பதற்காக. குளம்பு அலகுக்கு ஏன் கூர்முனை இல்லை? ஆட்டின் காலில் ஏறிவிடக் கூடாது. ஆக, இந்தக் கத்தியில் பாதுகாப்பே இல்லை என்று நான் நினைத்தது தவறு. இருக்கிறது. ஆனால் அது பிடித்திருப்பவனுக்காகச் செய்யப்பட்டதல்ல. கத்திக்கு அடியில் கிடக்கும் உயிருக்காகச் செய்யப்பட்டது. பிடித்திருப்பவன் தன் விரலைத் தானே பார்த்துக்கொள்வான் என்று செய்தவன் விட்டுவிட்டான். எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது. இதைத்தான் கொடுக்கப் போகிறேன் என்று மனைவியிடம் ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். அவள் மருத்துவமனையில் வேலை பார்ப்பவள். வெட்டுக்காயங்களை என்னைவிட அதிகம் பார்த்திருக்கிறாள். “முதல்ல நீங்க ஒரு பத்து நாள் வச்சிருந்து பாருங்க” என்றாள்.

சரி, யூசர் அக்செப்டன்ஸ் டெஸ்ட். பாஸ்வுட் என்கிற மெத்தென்ற மரத்தில் ஒரு கட்டை வாங்கி, வேலை முடிந்ததும் இரவில் உட்கார்ந்து ஆந்தை செதுக்கத் தொடங்கினேன். கல்லில் தீட்டி, தோல் வாரில் இழுத்து, அலகைக் கூராக்கினேன். மழுங்கிய கத்திதான் ஆபத்து, பலமாக அழுத்தவைக்கும் என்று படித்திருந்தேன். எட்டாவது நாள் ஒரு வாடிக்கையாளரின் புது மென்பொருள் வெளியீடு. காலை ஏழு மணிக்குத் தொடங்கிய தொலைபேசி அழைப்பு இரவு பத்தரைக்கு முடிந்தது. தூக்கம் வரவில்லை. ஆந்தையை எடுத்தேன். கண்ணுக்குக் குழி வேண்டும். பெரிய அலகின் கூர்முனையை மரத்தில் ஊன்றி, அழுத்தித் திருகினேன்.

அலகு மடங்கியது. ஆள்காட்டி விரலில் மூன்று தையல்.

மறுநாள் காலை கட்டைப் பார்த்துவிட்டு மகள் விசாரித்தாள். சொன்னேன். “முனையைக் குத்தித் திருகினீங்களா?” என்றாள். அவள் குரலில் பரிவைவிட வியப்புதான் அதிகம் இருந்தது. “அப்பா, மடக்குக் கத்தியில அது செய்யவே கூடாது. முதல் கிளாஸ்லயே சொல்லிக் குடுத்தாங்க.” அட்டை என்னிடம் இருந்திருந்தால் ஒரு மூலையைக் கத்தரித்திருப்பாள்.

விரல் ஆறும்வரை கீபோர்டில் ஒற்றை விரலைத் தூக்கி வைத்துத் தட்டிக்கொண்டிருந்தேன். அந்த நாட்களில் ஊர் ஞாபகம் அதிகமாக வந்தது.

எங்கள் ஊர் ராஜபாளையத்துக்குப் பக்கம். நாலாம் வகுப்பில் எங்கள் எல்லோருடைய பென்சில் டப்பாவிலும் பாதி பிளேடு இருந்தது. அப்பா சவரம் செய்து தேய்ந்த பிளேடை நீளவாக்கில் இரண்டாக ஒடித்துத் தருவார்கள். அதுதான் பென்சில் சீவ. யாரும் வட்டம் போடவில்லை, அட்டை தரவில்லை. அம்மா ஒரு காலை மடக்கி அரிவாள்மணையில் உட்கார்ந்தால், கத்தி நிற்கும், காய் நகரும். தலையைத் திருப்பி என்னோடு பேசிக்கொண்டே வாழைப்பூவை நறுக்குவாள். அவள் கட்டைவிரல் ஓரத்தில் மெல்லிய கறுப்புக் கோடுகள் நிரந்தரமாக இருந்தன. பத்து டாலர் உணவுத் தட்டோடு நாம் கூடுகிற விழாக்களில் இந்தக் கதைகளைச் சொல்லாதவர் உண்டா? “நாங்கல்லாம் பிளேடை வச்சுக்கிட்டுத் திரிஞ்சோம், ஒண்ணும் ஆயிடலையே. இந்த ஊர்ல பிள்ளைங்களப் பொத்திப் பொத்தி வளக்குறாங்க.” நானும் சொல்லியிருக்கிறேன், கைதட்டலும் வாங்கியிருக்கிறேன்.

அந்தக் கதையில் நாம் விட்டுவிடும் பகுதி ஒன்று இருக்கிறது. ஒன்பது வயதில் என் அக்காவை அரிவாள்மணையில் உட்காரவைத்தார்கள். என்னை ஒருநாளும் உட்காரவைக்கவில்லை. எங்கள் தெருமுனையில் ஒரு தச்சுப் பட்டறை. அந்த வீட்டுப் பையன் என் வகுப்பு. பள்ளி விட்டு வந்ததும் அவன் கட்டையைக் காலால் அமுக்கிக்கொண்டு வாய்ச்சியால் செதுக்குவான். வாய்ச்சி இறங்குகிற இடத்துக்கும் கால் பெருவிரலுக்கும் நடுவே இரண்டு விரற்கடை இருக்கும். எனக்கு அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒருநாள் அவன் அப்பா ஒரு சின்ன உளியையும் கொட்டாப்புளியையும் என் கையில் கொடுத்துப் பழைய பலகை ஒன்றைக் காட்டினார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. தெருவில் வந்த என் அப்பா பார்த்துவிட்டார். என்னை அடிக்கவில்லை, சத்தம் போடவில்லை. உளியை வாங்கி மரியாதையாகக் கீழே வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் சொன்னார்: “நமக்கெதுக்குடா இது? படிக்கிற கை.”

என் விரலைப் பற்றிய கவலை அது என்று நெடுநாள் நினைத்திருந்தேன். கவலையும் இருந்திருக்கும். ஆனால் அதே பட்டறையில் அதே வயதுப் பையன் வாய்ச்சியோடு உட்கார்ந்திருந்ததை அப்பா தினமும் பார்த்துக்கொண்டுதான் போனார். எந்தக் கைக்காகக் கவலைப்பட வேண்டும் என்பதில் ஊருக்கு ஒரு தெளிவு இருந்தது. என் கை பாதுகாக்கப்பட்டது. பாதுகாக்கப்பட்ட கை விசைப்பலகைக்கு வந்தது, விமானம் ஏறியது. நாற்பத்து நாலு வயதில் ஓர் ஆந்தைக்குக் கண் திறக்கத் தெரியாமல் வெட்டிக்கொண்டு நின்றது. கருவி கையில் இருக்கும்போது வருகிற அறிவு எங்கள் வீட்டில் கீழானதாக இருந்தது. அந்த அறிவைத்தான் இங்கே சாரணர் பாடத்தில், கட்டணம் கட்டி, என் மகளுக்கு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

இங்கே நிறுத்தியிருந்தால் கட்டுரை எனக்குச் சாதகமாக முடிந்திருக்கும். பூட்டில்லாத கத்தி கவனத்தைக் கற்றுத் தரும், பாதுகாப்பு கையில்தான் என்று எழுதியிருப்பேன். ரூசோவும் துணைக்கு வந்திருப்பார். 1762இல் வந்த ‘எமில்’ நூலில், தன் மாணவன் ஒருபோதும் காயப்படாமல் வளர்ந்தால் வருத்தப்படுவேன் என்ற கருத்தில் எழுதியவர் அவர். அவனுக்குத் தச்சு வேலையும் கற்றுக்கொடுக்கச் சொன்னவர். சொந்தப் பிள்ளைகள் ஐந்து பேரையும் அநாதை இல்லத்தில் விட்டவரும் அவர்தான். காயத்தின் பயனைப் பற்றிப் பேசுகிறவர், யார் விரலைப் பற்றிப் பேசுகிறார் என்று பார்த்துக்கொள்வது நல்லது.

இரண்டு வருடத்துக்கு முன் ஊருக்குப் போனபோது அந்த வகுப்புத் தோழனைப் பார்க்கப் போயிருந்தேன். இப்போது சமையலறை அலமாரிகள் செய்கிறான். பட்டறையில் பிளைவுட் பலகைகள் அடுக்கியிருந்தன, மேசையில் வட்டரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. பல்லுக்கு மேலே இருக்க வேண்டிய மறைப்பைக் கழற்றிச் சுவரில் மாட்டியிருந்தான். அவன் இடது கட்டைவிரலில் நகம் இருக்க வேண்டிய பாகம் இல்லை. மறைப்பைப் பற்றிக் கேட்டேன். “அத மாட்டுனா கோடு தெரிய மாட்டேங்குதுடா. வேலையும் இழுக்கும். சதுர அடிக்குத்தான காசு?” என்றான். எப்போது போனது என்று கேட்டேன். தீபாவளிக்கு முந்தின வாரம், ராத்திரி இரண்டு மணி, மறுநாள் ஒரு வீட்டில் மாட்டியாக வேண்டும் என்றான். பிறகு டீ சொல்லி அனுப்பினான்.

எட்டு வயதிலிருந்து வாய்ச்சி பிடித்த கை. என் ஊரில் அதைவிடத் தெரிந்த கை இல்லை. அந்தக் கையிடம் போய், பாதுகாப்பு உன் கவனத்தில்தான் இருக்கிறது என்று யார் சொல்வது? அவனுக்கு வேண்டியது மறைப்பு. மறைப்பை மாட்டிக்கொண்டும் கட்டுப்படியாகிற கூலி. இவற்றைக் கொடுக்காமல் கவனத்தைப் போதிப்பது, முதலாளிகள் நெடுங்காலமாகச் செய்துவருகிற காரியம்.

அவனுக்கும் எனக்கும் வெட்டு விழுந்தது ஒரே காரணத்தால், களைப்பால். ஆனால் அவனால் அன்று ரம்பத்தை நிறுத்த முடியாது. நான் கத்தியை மடக்கி வைத்துவிட்டுப் படுத்திருக்கலாம், ஆந்தைக்கு எந்தத் தவணையும் இல்லை. கவனம் என்பது ஒரு நற்குணம் என்றால், அதற்கு முதலில் நிறுத்திக்கொள்ளும் சுதந்திரம் வேண்டும். அந்தச் சுதந்திரம் இல்லாத இடத்தில் பூட்டும் மறைப்பும் பெல்ட்டும் இருந்தே ஆக வேண்டும். அதில் எனக்கு இப்போது சந்தேகமே இல்லை. அந்தச் சுதந்திரம் உள்ள இடத்தில், ஒரு திண்ணையில், ஒரு மரத்துண்டோடு, பூட்டில்லாத ஒன்றைப் பழகலாம். எனக்குச் சுதந்திரம் இருந்தும் நான் நிறுத்தவில்லை என்பதுதான் உறுத்துகிறது. நிறுத்துவது எனக்குப் பழக்கமில்லை. படிக்கிற கைக்கு அதையும் யாரும் கற்றுத்தரவில்லை. முடிக்காமல் எழுந்திருக்காதே என்றுதான் சொல்லி வளர்த்தார்கள்.

இதையெல்லாம் மனைவியிடம் சொன்னேன், இந்த முறை சொற்பொழிவாக இல்லாமல். அவள் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “பெரிய அலகோட முனையை மட்டும் கொஞ்சம் தேச்சு மழுக்கிடுங்க. முதல் ஆறு மாசத்துக்கு” என்றாள். கல்லில் தேய்த்தேன். பழைய கத்தியைக் கெடுத்துவிட்டதாகச் சேகரிப்பாளர்கள் சொல்வார்கள். சொல்லட்டும்.

கத்தியை அன்பளிப்பாகக் கொடுத்தால் உறவு அறுந்துவிடும், பதிலுக்கு ஒரு காசாவது வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது இந்த ஊர் நம்பிக்கை. நம் வீடுகளிலும் கூரானதைக் கைக்குக் கை கொடுக்க மாட்டார்கள், கீழே வைத்தால்தான் எடுப்பார்கள். இரண்டு ஊருக்கும் பொதுவாக, கத்தியை மேசைமேல் வைத்தேன். அவள் ஒரு சென்ட் நாணயத்தை அதன் பக்கத்தில் வைத்துவிட்டு எடுத்துக்கொண்டாள். ஒரே ஒரு விதிதான் சேர்த்துச் சொன்னேன். களைப்பாக இருந்தாலும் கோபமாக இருந்தாலும் மூடி வைத்துவிட வேண்டும், எந்த நிலையில் இருந்தாலும். “பாதியிலயா?” என்றாள். பாதியில்தான்.

போன சனிக்கிழமை பின்கட்டுப் படியில் உட்கார்ந்து என் ஆந்தையை எடுத்துக்கொண்டாள். நான் விட்ட இடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண் இருக்க வேண்டிய இடத்தில் நான் தோண்டிய குழியும், அதைச் சுற்றி மங்கிய கறையும் இருந்தன. கையை நீட்டி வட்டம் போட்டாள். நான் வட்டத்துக்கு வெளியே நகர்ந்து உட்கார்ந்தேன். குளம்பு அலகைத் திறந்து இறக்கையிலிருந்து தொடங்கினாள். சுருள் சுருளாக மரம் வந்து அவள் செருப்பின் மேல் விழுந்தது. அரை மணி நேரம் நாங்கள் இருவரும் பேசவில்லை.

பிறகு கையை உதறினாள். கத்தியை மூடினாள், ‘டக்’ என்று சத்தம் கேட்டது.

“இன்னும் கண்ணு வைக்கலையே” என்றேன்.

“கை வலிக்குது” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.